ஈஸ்டர்லி விண்ட்: கிழக்கிலிருந்து வருவதா, கிழக்கு நோக்கிப் போவதா?

கடைமடை (தலைஞாயிறு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பகுதி விவசாயிகளின் வாட்ஸாப் குழுவில் இந்த வாரம் கிளம்பிய வாக்குவாதம் இது. வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையில் 'ஈஸ்டர்லி விண்ட்ஸ்' வலுப்பெறும் என்று ஒரு வரி இருந்தது. குழுவில் ஒருவர் அதைக் 'கிழக்கு நோக்கி வீசும் காற்று வலுப்பெறும்' என்று தமிழாக்கிப் போட்டார். கிழக்கு நோக்கி வீசினால் தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்றுதானே, மழைக்கு வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டு, சம்பாவுக்கு மேலுரம் போட நாலைந்து பேர் யூரியா மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். வயதான ஒருவர்தான் தடுத்தார். "கொண்டலடிக்குது, மேகமும் கெழக்கேருந்துதான் ஏறுது, பொறுங்கப்பா" என்றார். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. உரம் இறைத்திருந்தால் அவ்வளவும் வடிகாலோடு போயிருக்கும்.

அதே நாள் ஒரு ஆங்கில நாளிதழில், தாழ்வு மண்டலம் 'வெஸ்டர்லி டைரக்‌ஷனில்' நகர்கிறது என்று போட்டிருந்தார்கள். அது மேற்கு நோக்கி நகர்வது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, படத்திலும் அப்படித்தான் அம்புக்குறி. அப்படியானால் ஒரே விகுதி ஓரிடத்தில் 'இருந்து' என்றும் இன்னோரிடத்தில் 'நோக்கி' என்றும் பொருள் தருகிறதா? இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை இடத்துக்கு இடம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதானா? தெரிந்தவர்கள் சொன்னால் குழுவில் அப்படியே போட்டுவிடுவேன்.


ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை (கும்பகோணம்)

விதி உண்டு தம்பி, ஊகிக்க வேண்டியதில்லை. சொல் எதனோடு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். 'ஈஸ்டர்லி' காற்றோடு சேர்ந்தால் கிழக்கிலிருந்து வருவது. நகர்வு, போக்கு, திசை என்கிற சொற்களோடு சேர்ந்தால் கிழக்கு நோக்கிப் போவது. நம் பேச்சிலும் இது இல்லாமல் இல்லை. கும்பகோணம் வெற்றிலை என்றால் கும்பகோணத்திலிருந்து வந்தது, கும்பகோணம் பஸ் என்றால் கும்பகோணத்துக்குப் போவது. ஊர்ப்பெயர் ஒன்றுதான், யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலம் பேசிப் பழகியவர்களுக்கு 'ஈஸ்டர்லி விண்ட்' அப்படித்தான் காதில் விழும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு, அவற்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் அறிக்கை படிப்பது எளிது. 'ஈஸ்டர்ன்' என்பது இருக்கிற இடத்தைச் சொல்லும், அசைவைச் சொல்லாது. கிழக்குத் தொடர்ச்சி மலை 'ஈஸ்டர்ன் காட்ஸ்', தெற்கு ரயில்வே 'சதர்ன் ரயில்வே'. 'ஈஸ்ட்வர்ட்' என்றால் எப்போதும் கிழக்கு நோக்கிதான், அதில் இரண்டாம் பொருளே கிடையாது. 'ஈஸ்ட்பவுண்ட்' வண்டி வாகனத்துக்கு உரியது. இவை எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் திரும்பக்கூடியது 'லி'யில் முடியும் சொல் ஒன்றுதான். வானிலை மையத்தார் புயல் நகர்வைச் சொல்லும்போது பெரும்பாலும் 'வெஸ்ட்வர்ட்ஸ்', 'வெஸ்ட் நார்த்வெஸ்ட்வர்ட்ஸ்' என்றே எழுதுவார்கள், கவனித்துப் பாருங்கள். குழப்பத்துக்கு இடம் வைக்காமல் எழுத வேண்டும் என்ற அக்கறைதான் அது. நாளிதழ்களில்தான் 'வெஸ்டர்லி டைரக்‌ஷன்' வருகிறது. அதுவும் தவறில்லை, ஆனால் மொழிபெயர்க்கிறவர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

'ஈஸ்டர்லி வேவ்' என்று ஒன்று வரும், மார்கழி வாக்கில் அடிக்கடி படிப்பீர்கள். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் காற்றலை. வடக்கே 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்பார்கள், மேற்கிலிருந்து வந்து இமயமலைப் பக்கம் மழையும் பனியும் கொடுப்பது. இங்கே 'ஈஸ்டர்லி', அங்கே 'வெஸ்டர்ன்'. மரபாகப் பழகிவிட்ட பெயர்கள், அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.


விசைப்படகு (நாகை அக்கரைப்பேட்டை)

டீச்சர் சொன்னது சரி. எங்களுக்கு இதுல சந்தேகமே வராது. தமிழ்ல காத்துக்குப் பேரு வச்சதே எங்கேருந்து வருதுங்கறத வச்சுத்தான். வாடைன்னா வடக்கேருந்து, கொண்டல்னா கெழக்கேருந்து, தென்றல்னா தெக்கேருந்து, கோடைன்னா மேக்கேருந்து. அக்கரையில யாழ்ப்பாணத்துக்காரங்க மேக்காத்தக் கச்சான்னும் தெக்காத்த சோழகம்னும் சொல்லுவாங்க. யாரும் காத்து போற பக்கத்தச் சொல்றதில்ல. போற பக்கம் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? வர்ற பக்கம்தான மழையும் வருது, அலையும் வருது.

எனக்குக் குழப்பம் வர்றது நீரோட்டத்துலதான். ஐதராபாத்லேருந்து இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துக்காரங்க மீனவருக்குன்னு காத்து, அலை, நீரோட்டம் மூணும் சேர்த்து முன்னறிவிப்பு குடுக்கறாங்க. ஐப்பசி கார்த்திகையில நம்ம கரையில தண்ணி தெக்க ஓடும். மாசி பங்குனியில திரும்பி வடக்க ஓடும். வலை விட்டவனுக்குத் தெரியும், விட்ட எடம் ஒண்ணு, வாங்குற எடம் ஒண்ணு. இங்கிலீஷ்ல ஒரு படத்துல 'நார்தர்லி விண்ட்'னும் 'சதர்லி கரண்ட்'டுன்னும் ஒண்ணா போட்டிருந்தான். காத்தும் தண்ணியும் எதிரெதிரா இருந்தா அலை குத்துக்குத்தா எழும்பும், சின்னப் படகு தாங்காது. அப்படி எதிரெதிராத்தான் இருக்குன்னு நெனச்சு எங்காளுக ரெண்டு பேரு தொழிலுக்கே போவல. அது உண்மையில என்ன?


ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை (கும்பகோணம்)

இதை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. ஆங்கிலத்தில் இந்தச் சொற்களிலேயே ஆபத்தான இடம் இதுதான்.

காற்றுக்கு வருகிற திசையைச் சொல்வார்கள். நீரோட்டத்துக்குப் போகிற திசையைச் சொல்வார்கள். அதனால் 'நார்தர்லி விண்ட்' என்றால் வடக்கிலிருந்து தெற்கே வீசும் காற்று, 'சதர்லி கரண்ட்' என்றால் தெற்கு நோக்கி ஓடும் தண்ணீர். பெயரைப் பார்த்தால் ஒன்றோடொன்று மோதுவது போல் இருக்கும். கடலில் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருக்கும். பாய்மரக் கப்பல் காலத்திலேயே இப்படிப் பிரிந்துவிட்டது. காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் பாயைத் திருப்ப முடியும். தண்ணீர் எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்தால்தான் கப்பலின் வழியைக் கணக்கிட முடியும். மாலுமிகள் நீரோட்டத்தின் போக்கை 'செட்' என்றும் அதன் வேகத்தை 'டிரிஃப்ட்' என்றும் சொல்வார்கள். 'செட் சவுத்' என்று கண்டால் தெற்கே இழுக்கிறது என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அலைக்கு? வானிலை முன்னறிவிப்புகளில் அலையும் காற்றைப் போலத்தான், வருகிற திசை.


ஓடுதளம் (திருச்சி)

விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். எங்களிடம் இந்தச் சொற்களே கிடையாது, எல்லாம் பாகைதான். வடக்கு 360, கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270. காற்று 090 என்று சொன்னால் கிழக்கிலிருந்து வருகிறது. திருச்சி ஓடுதளத்தின் பெயரே 09/27தான். 09 என்று எழுதிய முனையில் இறங்கும் விமானம் கிழக்கைப் பார்த்து ஓடும். ஆக ஓடுதள எண் 'நோக்கி', காற்றின் எண் 'இருந்து'. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால் இது வசதியாகவே அமைந்துவிடுகிறது: கொண்டல் அடிக்கும் நாளில் காற்று 090, ஓடுதளம் 09, இரண்டும் ஒத்துப்போகும். மேற்கிலிருந்து காற்று வீசும்போது 27க்கு மாறிவிடும்.

அறிக்கையில் வரும் 'வெஸ்ட் நார்த்வெஸ்ட்' என்பதற்கும் கணக்கு உண்டு. வட்டத்தைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 22.5 பாகை. மேற்குக்கும் வடமேற்குக்கும் நடுவில் இருப்பது 'வெஸ்ட் நார்த்வெஸ்ட்', 292.5 பாகை. தமிழ் அறிக்கையில் 'மேற்கு வடமேற்கு' என்று போடுவது இதைத்தான். பலர் 'மேற்கு அல்லது வடமேற்கு' என்று படிக்கிறார்கள். அப்படியில்லை, அது ஒரே திசை. பழைய மாலுமிகள் வட்டத்தை 32 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 11.25 பாகையாகக் கொண்டார்கள்.


கடைமடை (தலைஞாயிறு)

ரொம்ப நன்றி. 'மேற்கு வடமேற்கு' விஷயம் எங்களுக்கு முக்கியம். மேற்கு என்றால் புயல் எங்கள் பக்கம், வடமேற்கு என்றால் சென்னை, ஆந்திரா பக்கம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. கஜா வந்தபோது 'மேற்கு தென்மேற்கு நோக்கி நகர்கிறது' என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். அப்படியானால் காற்று கிழக்கிலிருந்து அடித்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் முதலில் வடக்கேயிருந்துதான் அடித்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?


மன்னார்குடி–பாஸ்டன்

பிறந்தது மன்னார்குடி, இருப்பது அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில். உங்கள் கேள்விக்கான விடை இந்த ஊர்க் கதையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் வரும் பெரும்புயலை 'நார்ஈஸ்டர்' என்பார்கள். பெயரைக் கேட்டு அது வடகிழக்கிலிருந்து வரும் புயல் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். வருவது தென்மேற்கிலிருந்து, கரையை ஒட்டி வடகிழக்கு நோக்கி ஏறிப் போகும். அந்த நேரம் கரையில் அடிக்கும் காற்றுதான் வடகிழக்கிலிருந்து வரும். புயல் போவது ஒரு திசை, காற்று வருவது ஒரு திசை. இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1743இல் பிலடெல்பியாவில் சந்திர கிரகணம் பார்க்கக் காத்திருந்தார். வடகிழக்கிலிருந்து காற்றும் மழையும் வந்து வானத்தை மூடிவிட்டன. வடகிழக்கே இருக்கிற பாஸ்டனுக்கு இது முன்னாலேயே போயிருக்கும், அங்கேயும் கிரகணம் தெரிந்திருக்காது என்று நினைத்தார். பாஸ்டனில் இருந்த அண்ணனிடம் பின்னால் கேட்டால், அங்கே கிரகணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது, புயல் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. காற்று வருகிற பக்கத்திலிருந்து புயல் வருவதில்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

காரணம், புயல் ஒரு சுழல். நம் அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கிழக்கேயிருந்து கரைக்கு வரும் புயலின் நேர் பாதையில் நீங்கள் இருந்தால், முதலில் உங்கள் மேல் அடிப்பது வடக்கத்திக் காற்று. கண் கடக்கும்போது ஓய்வு. அப்புறம் தெற்கேயிருந்து அடிக்கும்.


உப்பளம் (வேதாரண்யம்)

அப்படியேதான் நடந்தது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. முதலில் வடக்கேயிருந்து இரைச்சலோடு அடித்தது. ஓடு, கீற்று எல்லாம் தெற்கே பறந்தன. பிறகு திடீரென்று அடங்கிவிட்டது. புயல் முடிந்துவிட்டது என்று சனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். மாட்டைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து பிடித்துக்கொண்டது. முதல் காற்றில் வேர் ஆடி நின்ற தென்னையெல்லாம் இரண்டாம் காற்றில் சாய்ந்தன. எங்கள் தோப்பில் சில மரம் தெற்கே தலைவைத்துக் கிடந்தது, அதற்குக் குறுக்கே வடக்கே தலைவைத்து அடுத்த மரம். பார்த்தவர்களுக்கு ஏன் இப்படி என்று புரியவில்லை.

'மேற்கு தென்மேற்கு நோக்கி நகர்கிறது' என்பது புயலின் நடை. வீட்டுக் கூரைக்கும் மரத்துக்கும் வேண்டியது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது. அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியாக வருகிறது. இரண்டாவது வரியை யாரும் மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை. கடைமடை தம்பி, உங்கள் குழுவில் இதைச் செய்தால் பெரிய உதவி.


விசைப்படகு (நாகை அக்கரைப்பேட்டை)

காத்துக்கு முதுகக் காட்டி நின்னா புயலு இடக்கைப் பக்கம் இருக்கும்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. இது சரியா?


மன்னார்குடி–பாஸ்டன்

சரிதான் அண்ணே. 1857இல் பைஸ் பலாட் என்ற டச்சுக்காரர் எழுதி வைத்த விதி இதுவே. நில நடுக்கோட்டுக்கு வடக்கே இடக்கைப் பக்கம், தெற்கே வலக்கைப் பக்கம். ஆங்கில அறிக்கையில் 'வியரிங்', 'பேக்கிங்' என்று இரண்டு சொல் வரும், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் திசை கடிகாரச் சுற்றில் மாறினால் 'வியரிங்', எதிர்ச்சுற்றில் மாறினால் 'பேக்கிங்'. மேற்கே நகரும் புயலுக்கு வடபக்கம் இருக்கிற ஊரில் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மாறும். அது 'வியரிங்'. தென்பக்கம் இருக்கிற ஊரில் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறும். அது 'பேக்கிங்'. கஜாவில் நாகை வடபக்கம், கோடியக்கரை தென்பக்கம்.


குரூப் 2 மாணவி (மயிலாடுதுறை)

எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், ரொம்பப் பயனாக இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்வி டீச்சர்.

'நார்த்ஈஸ்ட் மான்சூன்' என்பதை வடகிழக்கு மாநிலங்களில் பெய்யும் மழை என்று என் தோழி சொல்கிறாள். அசாமும் மேகாலயாவும் 'நார்த்ஈஸ்ட்' தானே, அங்கேதானே மழை அதிகம் என்கிறாள். எப்படி விளக்குவது?

அடுத்தது, 'இன் தி ஈஸ்ட் ஆஃப்', 'ஆன் தி ஈஸ்ட் ஆஃப்', 'டு தி ஈஸ்ட் ஆஃப்' மூன்றும் தேர்வில் மாற்றி மாற்றி வருகிறது.


ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை (கும்பகோணம்)

தோழி கேட்டது நியாயமான கேள்வி கண்ணு. பருவமழையின் பெயர் காற்றின் பெயர். வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழகக் கரைக்கு வருகிறது, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அது தொடங்கிவிட்டது என்று அறிவிப்பதற்கே, தமிழகக் கரையில் 'ஈஸ்டர்லி' காற்று நிலைபெற்றிருக்க வேண்டும் என்பது வானிலை மையத்தின் அளவுகோல்களில் ஒன்று. மேகாலயாவில் கொட்டும் மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழை. அதாவது வடகிழக்கு மாநிலங்களுக்குத் தென்மேற்குக் காற்று மழை, தென்கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கு வடகிழக்குக் காற்று மழை. எழுதும்போது ஓர் அடையாளம் உண்டு. நிலப்பகுதியின் பெயராக வரும்போது ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாகப் போடுவார்கள். வெறும் திசையானால் சிற்றெழுத்து. பேச்சில் அந்த வசதி இல்லை, இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதற்கு நம் ஊர்களை வைத்தே சொல்கிறேன். கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள்ளேயே தென்கோடியில் இருக்கிறது. உள்ளே இருப்பதால் 'இன் தி சவுத் ஆஃப்'. காரைக்கால் நகரம் நாகை நகரத்துக்கு வடக்கே, வெளியே, தள்ளி இருக்கிறது. அது 'டு தி நார்த் ஆஃப்'. எல்லை தொட்டுக்கொண்டிருந்தால் 'ஆன்'. தமிழ்நாட்டுக்கு மேற்கே கேரளம் ஒட்டியிருக்கிறது, 'ஆன் தி வெஸ்ட்'. தொட்டுக்கொண்டிருப்பதற்கும் 'டு' போடுகிறவர்கள் ஆங்கிலேயரிலேயே உண்டு, அது தவறாகாது. உள்ளே இருப்பதற்கு 'டு' போட்டால் மட்டும் தவறு. தமிழில் வேற்றுமை உருபே இதைச் செய்துவிடுகிறது: 'நாகையின் வடக்கில்' உள்ளே, 'நாகைக்கு வடக்கே' வெளியே.


பத்திர எழுத்தர் (திருவாரூர்)

டீச்சர் கடைசியாகச் சொன்ன 'க்கு' உருபு எங்கள் தொழிலில் சோற்றுக்கு உப்பு மாதிரி. இதில் ஆங்கிலம் கலக்கும்போது வரும் வில்லங்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை, இப்படி எழுதுவோம்: 'பாசன வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, மேற்படியார் நஞ்சைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்.' இதில் வாய்க்கால் எந்தப் பக்கம்? வடக்கே. நம் நிலம் வாய்க்காலுக்குத் தெற்கில் இருக்கிறது என்பதுதான் வாசகம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பவுண்டட் ஆன் தி நார்த் பை' என்று தொடங்கி, அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லையைச் சொல்வார்கள். தமிழ் வாசகம் நம் நிலம் நிற்கும் பக்கத்தைச் சொல்கிறது, ஆங்கில வாசகம் அண்டை நிற்கும் பக்கத்தைச் சொல்கிறது. தெற்கு என்ற சொல்லை மட்டும் பார்த்து 'சவுத்: சேனல்' என்று மொழிபெயர்த்தால் நான்கு எல்லையும் தலைகீழாகிவிடும். கோயில் நிலம் மேற்கே போய்விடும், பாதை தெற்கேயிருந்து வடக்கே வந்துவிடும்.

ஒரு குடும்பத்துக்குக் கடன் வாங்க மொழிபெயர்ப்பு எடுத்தார்கள். வேறொருவர் எழுதியது. வங்கியின் வழக்கறிஞர் புலப்படத்தோடு ஒப்பிட்டு, நிலமே வேறு என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். நிலம் அதேதான். நான்கு சொல் இடம் மாறியதில் அறுவடை வரைக்கும் கடன் கிடைக்கவில்லை, நகையை வைத்துச் சமாளித்தார்கள். நஞ்சையில் வாய்க்கால் எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமில்லை. தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே வடிகிறது, மடை யாருடையது என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

அளவில் இந்தச் சிக்கல் இல்லை. 'கிழமேலடி', 'தென்வடலடி' என்று இரு முனையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் 'ஈஸ்ட் டு வெஸ்ட்', 'நார்த் டு சவுத்' என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும்.


ஓய்வுபெற்ற லஸ்கர் (நீடாமங்கலம்)

ஆறு, வாய்க்கால் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். வெண்ணாற்றுப் பாசனத்தில் மதகு பார்க்கும் லஸ்கராக வேலை பார்த்தவன். கிழக்கு என்ற சொல்லே கீழ் என்பதிலிருந்து வந்தது, மேற்கு மேல் என்பதிலிருந்து. நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்து கடலில் போய் முடிகிறது. மேலே மதகு திறந்தால் கீழே தண்ணீர். மேலத்தெரு, கீழத்தெரு என்று கோயிலைச் சுற்றிப் பெயர் வைத்ததும் அதுதான். ஆங்கிலத்தில் இப்படிக் கிடையாது, அவர்களுக்கு வடக்குதான் மேல், 'அப் நார்த்', 'டவுன் சவுத்' என்பார்கள். படத்தை மாட்டி வைத்துப் பார்த்து வந்த பழக்கம் அது. மண்ணைப் பார்த்து வந்த சொல் நம்முடையது.


மன்னார்குடி–பாஸ்டன்

ஐயா, முதல் பாதியை முழுக்க ஏற்கிறேன். ஆங்கிலத்தில் அப்படிக் கிடையவே கிடையாது என்பதை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. இங்கே மெய்ன் என்ற மாநிலத்தின் கரையை 'டவுன் ஈஸ்ட்' என்பார்கள். பாஸ்டனிலிருந்து அங்கே போகும் பாய்மரக் கப்பல்களுக்குத் தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். காற்றோடு போவது 'டவுன்'. அதனால் படத்தில் மேலே இருக்கிற ஊருக்குக் கீழே போகிறேன் என்று சொல்வார்கள், திரும்பும்போது 'அப் டு பாஸ்டன்'. எகிப்தில் தெற்குப் பகுதிக்குத்தான் 'அப்பர் ஈஜிப்ட்' என்று பெயர், நைல் தெற்கேயிருந்து வடக்கே ஓடுவதால். ஆற்றையும் காற்றையும் பார்த்துப் பெயர் வைத்த இடம் அவர்களிடமும் உண்டு.


ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை (கும்பகோணம்)

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 'ஈஸ்ட்' என்ற சொல் விடியலைக் குறித்த பழைய வேரிலிருந்து வந்தது, வடமொழி உஷஸுக்கும் லத்தீன் அரோராவுக்கும் உறவு. 'வெஸ்ட்' அந்திக்கு உரிய லத்தீன் வெஸ்பருக்கு உறவு. வானத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். நமக்கும் குணக்கு, குடக்கு என்ற பழஞ்சொற்கள் இருந்தன. காவிரி பிறக்கும் மலை குடமலை, மேற்கு மலை. அவை வழக்கொழிந்து கிழக்கும் மேற்கும் நின்றுவிட்டன.

'கோ சவுத்' என்றால் கெட்டுப்போவது, சரிவது என்று ஆங்கிலச் செய்தியில் வரும். பருத்தி விலை 'சவுத்' போனது என்று படித்தால் இறங்கிவிட்டது என்று பொருள். 'நார்த் ஆஃப்' ஒரு தொகை என்றால் அதற்கு மேலே. இவை படத்தில் தெற்கு கீழே இருப்பதால் வந்தவை. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

லஸ்கர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். முத்துப்பேட்டைப் பக்கம் ஆறு தெற்கே அல்லவா போகிறது? அங்கே எதைக் கீழ் என்கிறார்கள்?


ஓய்வுபெற்ற லஸ்கர் (நீடாமங்கலம்)

நல்ல கேள்வி அம்மா. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டைக் காயலில் சேர்கின்றன. கோடியக்கரையில் கரையே மேற்காகத் திரும்பிவிடுவதால் அந்தப் பக்கத்துக்குக் கடல் தெற்கு. அங்கேயும் கீழத்தெரு என்றால் கிழக்குத் தெருதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தண்ணீர்ப் பேச்சு வந்தால் "கீழ இன்னும் பாயல" என்பார்கள், அப்போது தெற்கே இருக்கிற கடைமடையைச் சொல்கிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிகளுக்கு இதை எடுத்துச் சொல்லித்தான் மதகுக்கு அனுப்புவோம்.


கடைமடை (தலைஞாயிறு)

குழுவுக்கு நான் எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள்: 'காற்று கிழக்கிலிருந்து வீசும். தாழ்வு மண்டலம் மேற்கு வடமேற்கு நோக்கி (ஒரே திசை) நகரும். கடல் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும்.' கிழக்குக் காற்று, மேற்குக் காற்று என்று மொட்டையாக எழுதுவதையே விட்டுவிடலாம் என்று இருக்கிறோம். இது போதுமா?


விசைப்படகு (நாகை அக்கரைப்பேட்டை)

போதும் தம்பி. கொண்டல், வாடைன்னே போட்டாலும் எங்களுக்குப் புரியும். சின்னப் பசங்களுக்குத்தான் 'இருந்து', 'நோக்கி' வேணும். அலை எங்கேருந்து வருதுங்கறதையும் ஒரு வரி சேத்துக்குங்க.


குரூப் 2 மாணவி (மயிலாடுதுறை)

பத்திர எழுத்தர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தாத்தா பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஈஸ்ட் ஆஃப் தி ரோடு' என்று இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் சாலை மேற்கே இருக்கிறது. இது சரியா, திருத்த வேண்டுமா?


பத்திர எழுத்தர் (திருவாரூர்)

சரியாகத்தான் இருக்கிறது பாப்பா. 'ஈஸ்ட் ஆஃப் தி ரோடு' என்றால் சாலைக்குக் கிழக்கு, தமிழ் வாசகத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். மற்ற மூன்று எல்லையும் இதே போல் 'ஆஃப்' போட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'ஆஃப்', இன்னொன்றில் 'பை' என்று கலந்திருந்தால் மட்டும் திருத்தி வாங்குங்கள். மூலப் பத்திரத்தையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று ஒவ்வொரு எல்லையாகச் சரிபாருங்கள்.